சாட்சி நேரம்

போன மாதம் என் பெரியப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இதை நான் சொல்லவில்லை, வில்லாபுரம் முழுக்க ஒட்டியிருந்த போஸ்டர் சொன்னது. பஸ் ஸ்டாப் சுவரில், பால் டிப்போ கதவில், கறிக்கடை ஷட்டரில் என்று எங்கே திரும்பினாலும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்தார். எங்கள் சபையில் யாரும் சாவதில்லை. எப்படிப் போனாலும் நித்திரைதான்.

என் சித்திக்கும் அதே வார்த்தையைத்தான் அச்சடித்தார்கள். கல்யாணமாகாத பெண், கழுத்தில் மைக் வயர் இறுகிக் கிடந்தவள், அவளும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாளாம். அச்சாபீஸ்காரனுக்குத்தான் விஷயம் தெரியாது, எழுதிக்கொடுத்த ஆளுக்குமா தெரியாது? இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் போஸ்டரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சபை என்றதும் கோபுரமும் மணியும் உள்ள பெரிய சர்ச் என்று நினைத்துவிடக் கூடாது. அவனியாபுரம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஹால். வாசலில் நாலு படி, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், குழாயடியில் துவைக்கிற கல். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சந்தே வெள்ளையாகிவிடும். பெண்களுக்குப் பொட்டு கிடையாது, பூ கிடையாது, தோடு கிடையாது. எல்லோருக்கும் பொதுவாக சினிமா கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை மொட்டைக்காது என்று கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. உலகத்தார் வேறு, நாம் வேறு என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தார்கள்.

கொள்வினை கொடுப்பினை எல்லாம் சபைக்குள்ளேயே. அப்பாவும் அம்மாவும் அந்த ஹாலில்தான் மோதிரம் இல்லாமல், தாலி இல்லாமல், ஆளுக்கொரு பைபிளோடு நின்று கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரு வீட்டில் குழம்பு தீய்ந்தால் அத்தனை வீட்டுக்கும் தெரியும். சபைக்குள் தெரிந்தது சபைக்கு வெளியே போகாது. அதை நாங்கள் ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டோம்.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். சபைக்கு மூப்பர், அதாவது பாஸ்டருக்கு அடுத்த ஆள். பாஸ்டர் அமைதியான மனிதர் என்பதால் பல விஷயங்களில் பாஸ்டருக்கும் மேலே. சொந்தமாக கிரில் பட்டறை வைத்திருந்தார். அதில் அப்பா வெல்டர். நாங்கள் குடியிருந்ததும் அவர் வீட்டு மாடியில். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் கண்ணீர் பொலபொலவென்று கொட்டும். பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கும் கொட்டும்.

அவருடைய செருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருமுறை வெளியூர் ஊழியக்காரர் வந்து கூட்டம் நடந்தபோது, களவு செய்கிறவர்கள் மனந்திரும்ப வேண்டும் என்று பெரியப்பா உருகி உருகி ஜெபித்துவிட்டு வெளியே வந்தால், அவருடைய புதுத் தோல் செருப்பைக் காணோம். சந்தே சிரித்தது. அதிலிருந்து அவர் செருப்பை மற்றவர்களோடு படியில் விடுவதில்லை. குழாயடிக் கல்லின் மேல் தனியாக வைப்பார். போதாததற்குச் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து, இரண்டு வாரிலும் மஞ்சள் நூலில் ஒரு பெருக்கல் குறி போட்டு வாங்கிவந்தார். கல்லின் மேல் மஞ்சள் குறி தெரிந்தால் மூப்பர் வந்துவிட்டார் என்று அர்த்தம். சிறுபிள்ளைகள் ஓடிப்போய் ஒழுங்காக உட்கார்ந்துகொள்வோம்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் நைட்டி செக்ஷனில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுப்பாள். வீட்டில் அவள் இருந்தால் ஒரே சிரிப்பு. பாத்திரம் துலக்கிக்கொண்டே சபையில் ஒவ்வொருவரும் சாட்சி சொல்வதைப் போலச் செய்து காட்டுவாள். அம்மா பாவம், பாவம் என்று சொல்லிக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

சாட்சி என்றால் எங்களுக்கு அதுதான் பொருள். ஆராதனையின் நடுவில் பெரியப்பா மைக்கை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வருவார். அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். காணாமல் போன ரேஷன் கார்டு அரிசிப் பானையில் கிடைத்தது, சறுக்கிய பைக் லாரியில் மோதாமல் நின்றது, கணிதத்தில் மகன் தேறியது, எல்லாம் சாட்சி. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் சபை அல்லேலூயா என்று சொல்லும். சொல்லி முடித்ததும், சாட்சி சொன்ன என்னையும் கேட்ட உங்களையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக என்று முடிக்க வேண்டும். சாட்சி ரொம்பவும் பிடித்துப்போய்விட்டால் இதற்கும் காத்திருக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் சட்டென்று ஒரு பாட்டை எடுத்துவிடுவார், மொத்த சபையும் கை தட்டிப் பாடும். அது பெரிய கௌரவம். சித்தியின் சாட்சிக்கு அடிக்கடி பாட்டு விழும். என்னுடைய பென்சில் டப்பா சாட்சிக்கும் காய்ச்சல் சாட்சிக்கும் ஒருநாளும் விழுந்ததில்லை.

ஏன் எனக்கு மட்டும் விழவில்லை என்று சித்தியிடம் அழுதிருக்கிறேன். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்பது அவள் கட்சி. காய்ச்சல் நூற்றைந்து டிகிரி என்று அளந்திருந்தேன்.

"கண்ணால பாத்தத மட்டும் சொல்லணும்டி. கூட ஒரு சொல்லு போட்டாலும் அது சாட்சி இல்ல, கத" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஹாலைக் கூட்டித் துடைத்து ஜமுக்காளம் விரிக்க வேண்டும். அதற்கு வயசுப் பெண்பிள்ளைகளுக்கு முறை வைத்திருந்தார்கள். சாவியை பாஸ்டர் வீட்டில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மேற்பார்வை பெரியப்பா. அந்த வருஷம் என்ன ஆனதோ, சித்தி எல்லோருடைய முறையையும் தானே எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை கடையில் கூட்டம் நெரியும். முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து தனியாளாகக் கூட்டினாள். யாருடைய மகளையும் அந்தப் பக்கம் விடவில்லை. அவளுக்கு எவ்வளவு ஊழிய வாஞ்சை பாருங்கள் என்று பெண்கள் மெச்சினார்கள். மெச்சிய பெண்களெல்லாம் தங்கள் மகள்களுக்கு முறை வராததைக் கண்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டவர்கள்தான் என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது. அவர்களுக்கு ஏதோ தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே ஒருத்தி தலையில் கட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி எழுந்து மைக்கை வாங்கினாள். வழக்கமான சிரிப்பு இல்லை. வருகிற வாரம் ஒரு முக்கியமான சாட்சி சொல்லப் போவதாகவும், அதைச் சொல்லத் தைரியம் வேண்டும் என்று சபையார் ஜெபிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சபை ஆமென் என்றது. மைக்கைத் திரும்ப வாங்கிய பெரியப்பாவும் ஆமென் என்றார்.

அந்த வாரம் வீட்டில் சிரிப்பே இல்லை. பாஸ்டர் வந்தார். குற்றம் குறை இருந்தால் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், சபை நடுவில் சொல்லக் கூடாது என்று நெடுநேரம் சித்திக்குப் புத்தி சொன்னார். தனியாகச் சொல்லிப் பார்த்தாயிற்று என்று சித்தி சொன்னது எனக்குக் கேட்டது. பாஸ்டர் உடனே ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அவர் போனதும் அம்மா சித்தியைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பேச்சு வெளியே வந்தால் யார் உன்னைக் கட்டுவான், எங்களுக்கு இருக்க வீடு இருக்குமா என்று கையைப் பிசைந்தாள்.

"எனக்காகவாக்கா சொல்றேன்?" என்றாள் சித்தி. "நாளைக்கு ஒம்மகளுக்கும் அந்த ஹாலுக்குப் போற முறை வரும்."

எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. பெரிய பிள்ளைகளைப் போல ஹாலைக் கூட்ட எனக்கும் முறை வரப்போகிறது என்று நினைத்தேன். எந்தத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போவது என்றுகூட யோசித்துவைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. சித்தி சாவி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் ஆகப் போகிற வேளையில் அம்மா பிளாஸ்கில் டீ ஊற்றி, சித்தியிடம் கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினாள். ஹாலுக்குப் போனேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கீழ்ப்படியில் சித்தியின் நீல ரப்பர் செருப்பு கிடந்தது. குழாயடிக் கல்லின் மேல் மஞ்சள் குறி போட்ட தோல் செருப்பு இருந்தது. சித்தி, சித்தி என்று கூப்பிட்டேன். உள்ளே ஏதோ உருண்டது போலச் சத்தம் கேட்டு நின்றது.

கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் ஜெபம் நடக்கிறது என்று பொருள். ஜெபத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே இது தெரியும். பிளாஸ்கைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இதற்காக நான் என்னை நொந்துகொள்வதில்லை. நொந்துகொள்ள வேண்டியவர்கள் இந்தக் கதையில் வேறு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில், சாவி திரும்பி வரவில்லையே என்று பாஸ்டரின் மனைவி ஹாலுக்குப் போனார். கதவு அப்போது சும்மா சாத்தியிருந்தது. அவர் போட்ட கூச்சல் எங்கள் மாடி வரைக்கும் கேட்டது. அம்மா தலைவிரி கோலமாக ஓடினாள். என்னைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்தார்கள். சித்தியைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். கர்த்தர் எப்படி எடுத்தார் என்று கேட்டேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

அம்மா திரும்பி வந்ததும் நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பெரியப்பா செருப்பும் அங்கே இருந்தது என்றேன். அழுதுகொண்டிருந்த அம்மா என் வாயைப் பொத்தினாள். பல்லில் உதடு குத்தி ரத்தம் வந்தது.

"நீ அங்க போகவே இல்ல. போலீஸ்காரங்ககிட்ட வாயத் தொறந்த, நான் நாண்டுக்கிட்டுச் சாவேன்."

பிளாஸ்க் யாருடையது என்று போலீஸ் கேட்டபோது, தான்தான் கொண்டுபோய் வைத்ததாக அம்மா சொன்னாள். கதவருகே போகவில்லை, யாரையும் பார்க்கவில்லை என்றாள். அம்மா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பொய்யர்களுக்கு என்ன நடக்கும் என்று சித்தி எங்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். அன்றைக்கு அம்மாவை மன்னிக்கச் சொல்லி கர்த்தரிடம் முழங்காலில் நின்று கேட்டேன்.

பெரியப்பா அன்று மத்தியானத்திலிருந்து வாடிப்பட்டியில் ஒரு விசுவாசி வீட்டில் ஜெபக் கூட்டத்தில் இருந்தாராம். அந்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் போலீஸில் அப்படியே சொன்னார்கள். இருட்டிய பிறகுதான் மூப்பர் புறப்பட்டார் என்று பிள்ளைகள் முதற்கொண்டு சொன்னார்கள். பாஸ்டரும் அதற்கு ஆமாம் போட்டார். அந்த வாரம் பெரியவர்கள் மட்டும் கூடி உபவாச ஜெபம் வைத்தார்கள். அதில் என்ன பேசினார்கள் என்று பிற்காலத்தில் அப்பா வாயிலிருந்து வந்தது. புறஜாதியார் மத்தியில், அதாவது வெளியாட்கள் மத்தியில், கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படக் கூடாது என்று முடிவு செய்தார்களாம். ஒரு பெண்ணைக் கொன்றதில் கெடாத நாமம், கொன்றவனைக் காட்டிக்கொடுத்தால் கெட்டுவிடுமாம். பட்டினி கிடந்து எடுத்த முடிவு இது.

வெளியாள் வேலை என்று ஆளுக்காள் சொன்னார்கள். குப்பை பொறுக்குகிற ஒரு மனிதரைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் அடித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். அவர் அதன் பிறகு எங்கள் சந்துக்கு வரவேயில்லை. அப்பா சித்தியை அடக்கம் செய்த மறுநாளே பட்டறைக்குப் போய் அண்ணன் கையால் கூலி வாங்கிக்கொண்டு வந்தார். வேறு என்ன செய்ய முடியும் என்று அவர் பக்கம் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. பேசட்டும்.

பிறகு ஒருநாள் ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். வயசானவர், மாடிப்படி ஏறி வந்ததில் இரைத்தது. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அப்பாவிடம் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"எங்களுக்கும் மனசுல ஒண்ணு ஓடுதுண்ணே. ஆனா சாட்சி வேணும். இம்புட்டுப் பேரு இருக்கீக, ஒரே ஒரு ஆளு எந்திரிச்சு சாட்சி சொன்னாப் போதும், மத்தத நாங்க பாத்துக்கிருவோம்" என்றார்.

அப்பா காலி டம்ளரை வாங்கி அம்மாவிடம் நீட்டினார். எனக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. இவ்வளவுதானா? எழுந்து சாட்சி சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தானே ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது? மைக் வரும், எழுந்திருக்க வேண்டும், சொல்ல வேண்டும். இந்தப் பெரியவர்களுக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. போலீஸ்காரர்களிடம்தான் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். சபையில் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. சபையில் சொல்வதற்கு என்ன, எல்லோரும் நம் ஆட்கள்.

ஹாலைப் போலீஸ் திறந்துவிட்ட பிறகு வந்த முதல் ஞாயிறு அது. தரையை டெட்டால் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். மைக்குக்குப் புது வயர் வாங்கிப் போட்டிருந்தார்கள். பழையது கறுப்பு, இது சாம்பல் நிறம். சாட்சி நேரம் வந்ததும் யாரும் எழவில்லை. பெரியப்பா மைக்கோடு வரிசை வரிசையாக வந்தார். வயரைப் பின்னால் ஒரு பையன் விட்டுக்கொண்டே வந்தான். நான் எழுந்து கையை நீட்டினேன். பெரியப்பா என் தலையைத் தடவி, சின்னப் பிள்ளைக்கு இருக்கிற விசுவாசம் பெரியவர்களுக்கு இல்லையே என்று சபையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார்.

சித்தி சொல்லிக்கொடுத்தது போலவே, ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என்னையும் எங்க குடும்பத்தையும் காத்து வந்த தேவனுக்கு ஸ்தோத்திரம்."

அல்லேலூயா என்றது சபை.

"சித்தி நித்திரையான அன்னிக்கி நான் பிளாஸ்க்குல டீ கொண்டுக்கிட்டு இங்க வந்தேன். கதவு உள்ள தாப்பா போட்டிருந்துச்சு."

பழக்கதோஷத்தில் ஒரு தாத்தா மட்டும் அல்லேலூயா என்றார்.

"கீழ்ப்படியில சித்தி செருப்பு கெடந்துச்சு. குழாயடிக் கல்லுல பெரியப்பாவோட மஞ்சநூல் செருப்பு இருந்துச்சு. நான் சித்தின்னு கூப்பிட்டேன். உள்ள ஏதோ..."

அப்போதுதான் பாட்டு விழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், எடுக்கக் கூடாத சுருதியில், கத்தல் போல ஆரம்பித்தது. அடுத்த வரியில் பாஸ்டர் சேர்ந்துகொண்டார். பிறகு மொத்த ஹாலும். தபேலா சேர்ந்தது, கை தட்டல் சேர்ந்தது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்ந்தது. நான் என் சாட்சியை ஆசீர்வதிப்பாராக என்று முடிக்கக்கூட இல்லை. மைக்கை யார் வாங்கினார்கள் என்று தெரியவில்லை. ஒரே பாட்டை அன்று திரும்பத் திரும்ப, தொண்டை கட்டும் வரை பாடினார்கள்.

அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். அத்தனை பேருக்கும் அந்தச் செருப்பு தெரியும். வாடிப்பட்டி வீட்டுக்காரர்களும் அன்று வந்திருந்தார்கள். ஒருவராவது போய் ஏட்டிடம் ஒரு பிள்ளை இப்படிச் சொல்கிறது என்று சொல்லியிருக்கலாம். பெயர் போடாமல் ஒரு போன் போட்டிருக்கலாம். நான் மாடியில் உட்கார்ந்து போலீஸ் ஜீப் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாட்சிதான் சொல்லியாயிற்றே.

ஜீப் வரவில்லை. மறுநாளே அம்மா என் துணிகளை ஒரு பையில் திணித்து, திண்டுக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். லீவுக்குக்கூட என்னை வில்லாபுரத்துக்குக் கூட்டி வந்ததில்லை. அவள்தான் முறுக்கும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு வருவாள், பார்த்துவிட்டுப் போவாள். கேஸ் என்ன ஆனது என்று வளர்ந்த பிறகு ஒரு வக்கீலைப் பிடித்துக் கேட்டேன். சாட்சி இல்லாததால் துப்புத் துலங்கவில்லை என்று முடித்துவிட்டார்களாம். சாட்சி இல்லையாம். நான் சிரித்துவிட்டேன். வக்கீல் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பெரியப்பாதான் கொன்றார் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. நான் பார்த்தது ஒரு ஜோடி செருப்பு. கூட ஒரு சொல் போட்டாலும் அது சாட்சி இல்லை. அந்தச் செருப்பு ஏன் அங்கே இருந்தது என்று யாராவது அந்த மனிதரை ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வழக்கு. கேட்காமலே அவரை மூப்பராகவே வைத்திருந்து, மூப்பராகவே பெட்டியில் வைத்தார்கள்.

அடக்க ஆராதனைக்கு நான் போனேன். ஹாலுக்கு இப்போது கான்கிரீட் கூரை, ஏசி, வயர் இல்லாத மைக். மறைந்த மூப்பரைப் பற்றிச் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். மூப்பர் ஜெபித்ததில் பிள்ளை பிறந்தது, மூப்பர் கை வைத்ததில் கட்டி கரைந்தது. நானும் எழுந்து நின்றேன். மைக் கொண்டுவந்தவர் என் வயதுக்காரர், என்னோடு ஓய்வுநாள் பள்ளியில் படித்தவர். என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே அடுத்த வரிசைக்குத் திரும்பிவிட்டார். நான் கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்படியென்றால் எதையும் மறக்கவில்லை இவர்கள். ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. அன்றைக்கு ஏன் பாட்டெடுத்தாய்?

அன்று பாட்டெடுத்த அந்தக் குரல் அம்மாவுடையது. கூட்டத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற அம்மா, அதற்கு முன்னும் பின்னும் சபையில் ஒரு பாட்டு எடுத்தவள் இல்லை.

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நீ முன்னால பாத்துச் சொல்லிக்கிட்டு இருந்த. நான் ஒங்க பெரியப்பா மொகத்தப் பாத்தேன். ஒருத்தியப் பொதச்ச ஈரம் காயல. ஒன்னையும் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?" என்றாள். ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "பாட்டெடுத்தா நிறுத்திருவன்னு தெரியும். அதான்" என்றாள்.

அம்மாவுக்குப் பயம். அதைக்கூட என்னால் விழுங்க முடிகிறது, சில நாட்களில். ஆனால் அம்மாவோடு சேர்ந்து பாடியவர்களுக்கு என்ன பயம்? அவர்கள் யார் பிள்ளையைக் காப்பாற்றப் பாடினார்கள்? கெட்ட வார்த்தை பேசாமல் வளர்த்துவிட்டார்கள், இல்லாவிட்டால் அந்த வாசலில் நின்று பேசியிருப்பேன்.

எல்லாவற்றையும் விட என்னைக் குத்துவது வேறொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டு விழுந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். என் சாட்சிக்குப் பாட்டு விழுந்துவிட்டது, அதுவும் அம்மாவே எடுத்துவிட்டாள் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சித்தி இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஹாலில் அன்றைக்கு எல்லோரையும் விடப் பலமாகக் கை தட்டிப் பாடியது நான்தான்.